நாத்தனாருக்கு ட்ரிப்பிள் நெகட்டிவ்: மகளுக்கு இப்போதே மரபணுச் சோதனை வேண்டுமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

வாசகிக்கு 47 வயது. சொந்த ஊர் கோவைப் பக்கம். மென்பொருள் வேலைக்காக அமெரிக்கா போனவர், இப்போது ஜார்ஜியா மாநிலத்தில் குடியிருக்கிறார். கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். அவருடையது பல தலைமுறைகளாகத் தென்மாநிலங்களில் வாழ்ந்துவரும் குடும்பம். இவர்களுக்கு ஒரே மகள், 20 வயது, கல்லூரியில் படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் கணவரின் தங்கைக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. 'ட்ரிப்பிள் நெகட்டிவ், வேகமானது' என்று மருத்துவர்கள் சொல்லி, கீமோ ஆரம்பித்துவிட்டார்கள். மாமியாரின் அக்காவும் மார்பில் கட்டி வந்து 44 வயதில் இறந்தவர் என்பது அதன் பிறகுதான் பேச்சுவாக்கில் வெளிவந்திருக்கிறது. மாமியார் 70 வயதைத் தாண்டி நலமாக இருக்கிறார். மாமனார் புராஸ்டேட் புற்றுநோயில் இறந்துவிட்டார்.

வாசகியின் கேள்விகள்: இது ஆப்பிரிக்க வம்சாவளியால் வருவதா? மகளுக்கு அதில் பாதிதானே, ஆபத்தும் பாதியா? மகள் விளையாட்டாக எடுத்த வீட்டு எச்சில் டெஸ்டில் 'பிஆர்சிஏ பிறழ்வு (மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றம்) இல்லை' என்று வந்திருக்கிறதே, அது போதாதா? நாத்தனாருக்கு ஏதோ ஜீன் டெஸ்ட் எடுத்ததாகச் சொல்கிறார்கள், ஆனால் விவரம் தெரியவில்லை. கணவர் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். ஊரிலிருக்கும் அம்மாவோ, 'அது அவங்க ரத்தம், நம்ம பக்கத்துல யாருக்கும் கிடையாது. டெஸ்ட் அது இதுன்னு போய் நாளைக்குக் கல்யாணத்துக்குச் சிக்கலாக்காதே' என்கிறார். இன்னொரு உறவினர், ஆபரேஷன் செய்து முன்கூட்டியே எடுத்துவிடலாமே என்று யோசனை சொல்லியிருக்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் பயம் முழுக்க 'ஆப்பிரிக்க வம்சாவளி' என்ற ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. நீங்கள் இணையத்தில் படித்தவையும் அப்படித்தான் இருந்திருக்கும். அவற்றில் பெரும்பகுதி பொய் இல்லை. ஆனால் அந்தப் புள்ளிவிவரங்கள் லட்சக்கணக்கான பெண்களைப் பற்றியவை, உங்கள் மகளைப் பற்றி அவை சொல்வது ரொம்பக் குறைவு. அவளைப் பற்றி உருப்படியாகச் சொல்லக்கூடிய ஒரு காகிதம் உண்டென்றால், அது உங்கள் நாத்தனாரின் ரத்தத்தில் எடுக்கும் மரபணுச் சோதனையின் ரிப்போர்ட். அதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மகளுக்கு 20 வயது என்பதால் நாள்கணக்கில் ஓடவேண்டிய அவசரம் எதுவும் இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ட்ரிப்பிள் நெகட்டிவ் என்றால்

மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் மூன்று விஷயங்களைச் சோதிப்பார்கள்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி (அந்த ஹார்மோன்கள் வந்து ஒட்டும் புரதங்கள்), ஹெர்2 புரதம். மூன்றும் இல்லையென்றால் ட்ரிப்பிள் நெகட்டிவ். ஹார்மோன் மாத்திரைகளும் ஹெர்2-வைக் குறிவைக்கும் ஊசிகளும் இதில் வேலை செய்யாது. வேகமாக வளரும், இளவயதில் அதிகம் வரும், திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வரும். இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஐந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஹார்மோன் ஏற்பி உள்ள வகை (ஹார்மோன் வகை) அப்படியில்லை, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்தும் தலைகாட்டலாம்.

'வேகமானது' என்ற சொல்லைக் கேட்டு நாத்தனாரைப் பற்றி நம்பிக்கை இழந்துவிடாதீர்கள். வேகமாகப் பிரியும் செல்கள்தான் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும். 2021-லிருந்து, இரண்டாம், மூன்றாம் நிலை ட்ரிப்பிள் நெகட்டிவ் நோய்க்கு அறுவைச் சிகிச்சைக்கு முன்பே கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதற்கு வழிவகுத்த ஆய்வில் இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் ஐந்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 87 சதவீதம். கீமோ மட்டும் பெற்றவர்களில் சுமார் 82 சதவீதம். நாத்தனாருக்கு எந்த நிலை, இந்த மருந்து சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆப்பிரிக்க ரத்தமா?

முதலில் எண்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் விகிதம் வெள்ளையினப் பெண்களைவிடக் கொஞ்சம் குறைவு, ஏறத்தாழ 5 சதவீதம். ஆனால் அதனால் இறக்கும் விகிதம் சுமார் 38 சதவீதம் அதிகம். ட்ரிப்பிள் நெகட்டிவ் வகை அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு: வெள்ளையினப் பெண்களின் மார்பகப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்று இந்த வகை என்றால், கறுப்பினப் பெண்களிடம் ஐந்தில் ஒன்று. இதைப் படிக்கும் எவருக்கும் 'அவர்கள் மரபணுவில் ஏதோ இருக்கிறது' என்றுதான் தோன்றும்.

ஏதோ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 'ஆப்பிரிக்கா' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் அது புரியாது. லிசா நியூமன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரின் குழு கானா நாட்டின் குமாசி நகர மருத்துவமனையோடு சேர்ந்து பல ஆண்டுகளாக இதை ஆராய்கிறது. 2018-ல் அவர்கள் வெளியிட்ட ஒப்பீட்டில், கானாப் பெண்களின் மார்பகப் புற்றுநோய்களில் பாதிக்கு மேல், சுமார் 53 சதவீதம், ட்ரிப்பிள் நெகட்டிவ். ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் 30 சதவீதம். வெள்ளை அமெரிக்கர்களிடம் 15 சதவீதம். எத்தியோப்பியப் பெண்களிடம்? அதே 15 சதவீதம். (இவை அந்த ஆய்வில் சேர்ந்த நோயாளிகளின் கணக்கு, மேலே சொன்னது நாடு தழுவிய கணக்கு.) கானா மேற்கு ஆப்பிரிக்கா, எத்தியோப்பியா கிழக்கு. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் கண்டத்தின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள். உங்கள் கணவரின் முன்னோர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஆக, தோலின் நிறத்தையோ கண்டத்தின் பெயரையோ பார்த்து இதில் எதுவும் சொல்லிவிட முடியாது.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஏன் அப்படி என்பதற்குக் கிடைத்திருக்கும் ஒரு துப்பு சுவையானது. டஃபி என்ற ரத்த வகைப் புரதம் சிவப்பணுக்களின் மேல் இருக்கும். வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழையும். மேற்கு ஆப்பிரிக்கர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் சிவப்பணுவில் அந்தப் புரதம் இல்லாதபடி ஒரு மரபணு மாற்றம் உண்டு. மலேரியாவிலிருந்து தப்பிக்க உதவிய மாற்றம் அது. அதே மாற்றத்துக்கும் ட்ரிப்பிள் நெகட்டிவ் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிவதாக 2019-ல் நியூமன் குழு எழுதியது. அந்தப் புரதம் அழற்சிச் சமிக்ஞைகளையும் கட்டுப்படுத்துவதால், கட்டியைச் சுற்றி நோயெதிர்ப்புச் செல்கள் நடந்துகொள்ளும் விதம் மாறலாம் என்பது கணிப்பு. இது சிறிய தூண்டுதல்தான். கோடிக்கணக்கானவர்களிடம் இந்த மாற்றம் இருக்கிறது, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. 2024-ல் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் சுமார் 40,000 பேரின் மரபணுக்களை ஒப்பிட்ட பெரிய ஆய்வும், மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள 12 இடங்களைக் காட்டியது. இவையும் பெரும்பாலும் சிறு சிறு தூண்டுதல்கள். இவற்றை வைத்து உங்கள் மகளுக்கு இன்று யாரும் சிகிச்சை முடிவு எடுக்கப்போவதில்லை.

இவற்றை விட்டுவிட்டு, உண்மையில் பெரிய ஆபத்தைத் தரும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, பால்பி2 போன்ற மரபணுக்களைப் பாருங்கள். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் இவை உள்ளிட்ட 12 மரபணுக்களில் பிறழ்வு எத்தனை பேருக்கு என்று 2021-ல் கணக்கெடுத்தார்கள். கறுப்பினப் பெண்களில் 5.65 சதவீதம், வெள்ளையினப் பெண்களில் 5.06 சதவீதம். சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. கறுப்பினப் பெண்களை மரபணுச் சோதனைக்கு அனுப்புவதுதான் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

இன்னொன்று. அமெரிக்காவில் 1980-களின் தொடக்கம்வரை கறுப்பின, வெள்ளையினப் பெண்களின் மார்பகப் புற்றுநோய் இறப்பு விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேமோகிராமும், ஹார்மோன் வகைக்கான டமாக்சிஃபென் போன்ற மருந்துகளும் பரவலான பிறகுதான் இடைவெளி விழுந்தது. நாற்பது ஆண்டுகளில் எந்த இனத்தின் மரபணுவும் மாறிவிடாது. மாறியது சிகிச்சை. அது ஒரு சாராருக்குச் சீக்கிரமும் இன்னொரு சாராருக்குத் தாமதமாகவும் போய்ச் சேர்ந்தது. மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் ஹார்மோன் வகைப் புற்றுநோயிலும் கறுப்பினப் பெண்கள்தான் அதிகம் இறக்கிறார்கள். அதை மேற்கு ஆப்பிரிக்க மரபணுவை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. இன்ஷூரன்ஸ் இல்லாமை, பயாப்ஸிக்கும் சிகிச்சைக்கும் நடுவில் கழியும் வாரங்கள், தரம் குறைந்த பரிசோதனை மையங்கள் எல்லாவற்றுக்கும் அந்த 38 சதவீதத்தில் பங்கு உண்டு.

'நம்ம பக்கத்துல கிடையாது'

அம்மா சொல்வதற்கு வருகிறேன். பேத்தியின் மேல் இருக்கும் அக்கறையில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் ட்ரிப்பிள் நெகட்டிவ் விஷயத்தில் நம்மவர்கள் பெருமைப்பட ஒன்றுமில்லை. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 30 சதவீதம் இந்த வகையாக இருந்தது. அதாவது நியூமன் குழு ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் கண்ட அதே அளவு. மேற்கு நாட்டுப் பெண்களைவிட இந்தியப் பெண்களுக்கு ஏறக்குறைய பத்து ஆண்டு முன்னதாகவே மார்பகப் புற்றுநோய் வருகிறது என்பதும் தெரிந்த விஷயம். இளம்பெண்கள் அதிகமுள்ள மக்கள்தொகை என்பதும் இதற்கு ஒரு காரணம். எப்படியானாலும், 'பாதித் தமிழ் ரத்தம் காப்பாற்றும்' என்ற கணக்குக்கு எந்த அடிப்படையும் இல்லை. நம் குடும்பங்களில் 'யாருக்கும் கிடையாது' என்பதற்கு, யாரும் வெளியில் சொன்னதில்லை என்றும் பல சமயம் அர்த்தம். உங்கள் மாமியாரின் அக்கா விஷயமே இத்தனை ஆண்டு கழித்துத்தானே வெளியே வந்தது.

மகளுக்கு 'பாதி ஆபத்து' என்ற உங்கள் கணக்கும் சரியில்லை. பெரிய பிறழ்வு விஷயத்தில் பாதி, கால் என்று நீர்த்துப்போவது கிடையாது. அது அவளுக்கு வந்திருந்தால் முழுசாக வந்திருக்கும். வராவிட்டால் அதன் ஆபத்து அறவே கிடையாது.

முதலில் யாருக்குச் சோதனை?

நாத்தனாருக்கு. அவருக்கு எடுத்த 'ஜீன் டெஸ்ட்' எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கட்டியிலிருந்து எடுத்த திசுவில் செய்யும் சோதனை வேறு. அது கட்டியின் குணத்தைச் சொல்லும், எந்த மருந்து பலிக்கும் என்று சொல்லும். பிறவியிலேயே வந்த பிறழ்வு இருக்கிறதா என்று ரத்தத்திலோ எச்சிலிலோ பார்ப்பது வேறு. குடும்பத்துக்கு வேண்டியது இரண்டாவது. ட்ரிப்பிள் நெகட்டிவ் வந்த எல்லோருக்கும், வயது எதுவானாலும், இந்தப் பிறவிச் சோதனையைச் செய்யவேண்டும் என்பதுதான் இன்றைய அமெரிக்க வழிகாட்டல். எனவே அவருக்கு ஏற்கெனவே செய்திருக்கலாம். இல்லையென்றால் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு உண்டு.

எப்படிக் கேட்பது என்பதில் கொஞ்சம் பக்குவம் வேண்டும். கீமோவில் வாடிக் கிடக்கும் ஒருவரிடம் போய், 'என் மகளுக்காக டெஸ்ட் எடு' என்றால் காயப்படும். அந்தச் சோதனை முதலில் அவருக்குத்தான் பயன். பிஆர்சிஏ பிறழ்வு இருந்து, நோயும் திரும்பி வரும் ஆபத்து அதிகமுள்ளதாக இருந்தால், சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டு ஒலாபரிப் மாத்திரை எடுக்கும் வழி 2022-லிருந்து இருக்கிறது. அறுவைச் சிகிச்சை எந்த அளவு, சூல்பையை என்ன செய்வது என்ற முடிவுகளும் அதைப் பொறுத்தே மாறும். உங்கள் கணவரோ மாமியாரோ இதைச் சொல்லிக் கேட்பதுதான் முறை. நீங்கள் கூட இருந்து சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள், ரிப்போர்ட் பேச்சை ரத்த சொந்தங்கள் எடுக்கட்டும்.

அவருக்குப் பிறழ்வு இருந்தால் அடுத்தவர் உங்கள் மகள் இல்லை, உங்கள் கணவர். நம் வாசகர்களில் நிறையப் பேர் தடுமாறும் இடம் இது: மார்பகப் புற்றுநோய் மரபணு தாய் வழியாகத்தான் வரும், ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று நினைக்கிறார்கள். தந்தை வழியாகவும் சரிபாதி வாய்ப்போடு வரும். தங்கைக்கு இருந்தால் அண்ணனுக்கு இருக்க 50 சதவீத வாய்ப்பு. அப்பாவுக்கு இருப்பது உறுதியானால் மகளுக்கு 50 சதவீதம், அது தெரியாத நிலையில் 25 சதவீதம். அப்பாவுக்கு அந்தப் பிறழ்வு இல்லையென்று வந்துவிட்டால், மகளுக்கு அது அந்த வழியில் வர முடியாது. ஒரே டெஸ்டில் விஷயம் முடிந்துவிடும். இருந்தால், அது அவருக்கே தெரிய வேண்டிய சேதி. குறிப்பாக பிஆர்சிஏ2 ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். கணையப் புற்றுநோயும் ஆண்களின் மார்பகப் புற்றுநோயும்கூட இந்தப் பட்டியலில் உண்டு.

மாமனாரின் புராஸ்டேட் புற்றுநோயை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். எந்த வயதில் வந்தது, எலும்புவரை பரவியதா என்று கேட்டு எழுதிவையுங்கள். அது இந்தக் கதையோடு சேர்ந்ததாக இருக்கலாம். கறுப்பின ஆண்களிடம் அந்த நோய் பொதுவாகவே அதிகம் என்பதால் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். மாமியார் 70 தாண்டி நலமாக இருப்பதை வைத்து அவர் பக்கம் சுத்தம் என்றும் முடிவுகட்ட வேண்டாம். பிஆர்சிஏ1 பிறழ்வு உள்ள பெண்களில் 80 வயதுக்குள் சுமார் 60 முதல் 72 சதவீதம் பேருக்குத்தான் மார்பகப் புற்றுநோய் வருகிறது. மீதிப் பேர் அது வராமலே பிள்ளைகளுக்குப் பிறழ்வைக் கொடுத்துவிட்டிருப்பார்கள். 44 வயதில் இறந்த அக்காவும் 41 வயதில் நோய் வந்த மகளும் அவர் வழியில்தான் இணைகிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது சூல்பைப் புற்றுநோய் இருந்ததா என்றும் அவரிடமே கேளுங்கள். 'வயிற்றுக் கட்டி' என்று சொல்லியிருப்பார்கள்.

வீட்டு எச்சில் டெஸ்டைப் பற்றி: அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். பிஆர்சிஏ1, 2 இரண்டிலும் ஆபத்தானவை என்று உறுதியான பிறழ்வுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த மாதிரி டெஸ்ட்களில் பிரபலமானது 2018-ல் அனுமதி பெற்றபோது மூன்றே மூன்று பிறழ்வுகளைத்தான் பார்த்தது, அதுவும் ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. 2023-ல் அது 44 ஆனது. ஆயிரக்கணக்கில் 44. பூட்டிய வீட்டில் ஒரு ஜன்னலை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு 'எல்லாம் பத்திரம்' என்பது போலத்தான். மருத்துவமனையில் எடுப்பது மரபணுவை முழுக்கப் படிக்கும் சோதனை.

ரிப்போர்ட் மூன்று விதமாக வரலாம்

*ஆபத்தான பிறழ்வு உண்டு.* கணவர் சோதிக்கிறார். அவருக்கும் இருந்தால் மகளுக்கு விஷயத்தைச் சொல்லி முடிவை அவளிடம் விடுங்கள். அவள் சட்டப்படி வயதுவந்தவள், சோதனை செய்வதும் செய்யாமலிருப்பதும் அவள் உரிமை. அவளுக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 25 வயதிலிருந்துதான் ஆண்டுக்கொரு எம்.ஆர்.ஐ., 30-லிருந்து கூடவே மேமோகிராம். அதனால்தான் அவசரம் இல்லை என்றேன். ஐந்து ஆண்டு கையில் இருக்கிறது, படிப்பை முடிக்கட்டும்.

*ஒன்றுமில்லை.* நிம்மதிதான், ஆனால் கணக்கு பூஜ்யம் ஆகிவிடாது. அத்தைக்கு 41 வயதில் வந்தது என்பது குடும்ப வரலாறாக நிற்கும். கறுப்பினப் பெண்கள் உட்பட எல்லாப் பெண்களுக்கும் 25 வயதுக்குள் ஒருமுறை ஆபத்து மதிப்பீடு செய்யவேண்டும் என்று அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு சொல்கிறது. அதைச் செய்துகொண்டு, பொதுவாகச் சொல்லும் 40 வயதுக்கு முன்பே பரிசோதனையைத் தொடங்க வேண்டுமா என்று அப்போது முடிவெடுக்கலாம்.

*மாற்றம் இருக்கிறது, ஆனால் அர்த்தம் தெரியவில்லை.* இது வரும் வாய்ப்பை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் ஆசியர்களுக்கும் இந்தப் பதில் அதிகம் வருகிறது. உடம்பில் கோளாறு அதிகம் என்பதால் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுக் களஞ்சியங்கள் நீண்டகாலம் ஐரோப்பியர்களை வைத்தே நிரப்பப்பட்டதால். நைஜீரியாவின் இபாதான் மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஓலுஃபுன்மிலாயோ ஒலோபாடே போன்றவர்கள் செய்த வேலைதான் இந்த ஓட்டையை அடைத்துவருகிறது. 2018-ல் வந்த அவர்களுடைய ஓர் ஆய்வில் நைஜீரிய நோயாளிகளில் எட்டில் ஒருவருக்குப் பிறவிப் பிறழ்வு இருந்தது. அர்த்தம் தெரியாத மாற்றங்களில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கில்லாதவை என்றே வகைப்படுத்தப்படுகின்றன. அதை வைத்து ஆபரேஷன் செய்யக்கூடாது, வீட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திச் சோதிக்கவும் கூடாது.

ஆபரேஷன் என்றதும் நினைவு வருகிறது. முன்கூட்டியே மார்பகங்களை அகற்றும் யோசனையைச் சொன்ன உறவினர் ஏஞ்சலினா ஜோலியை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அவர் 2013-ல் அதை அறிவித்தபோது அவருக்கு 37 வயது. பிஆர்சிஏ1 பிறழ்வு உறுதியாகியிருந்தது, அம்மா 56 வயதில் புற்றுநோயில் இறந்திருந்தார், பிள்ளைகளும் பிறந்தாகிவிட்டன. 20 வயதுப் பெண்ணுக்கு, அதுவும் சோதனையே செய்யாமல், இந்தப் பேச்சே வேண்டாம். வீட்டில் அவள் காதுபட யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ், வேலை, கல்யாணம்

2008-ல் வந்த மரபணுத் தகவல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் உங்களுக்குத் துணை. மருத்துவ இன்ஷூரன்ஸ் நிறுவனம் மரபணு ரிப்போர்ட்டை வைத்து பிரீமியத்தைக் கூட்டவோ மறுக்கவோ முடியாது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமும் அதை வைத்து வேலை தராமல் இருக்க முடியாது. ஆனால் ஆயுள் காப்பீடு, ஊனமுற்றால் கிடைக்கும் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு ஆகிய மூன்றையும் அந்தச் சட்டம் தொடாது. கணவர் ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணத்தில் இருந்தால் சோதனைக்கு முன்பே எடுத்துவிடுவது சட்டப்படி தவறில்லை. விண்ணப்பத்தில் கேட்டதற்கு உண்மையைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். குடும்ப வரலாறு தகுதிக்குள் வந்தால் பெண்களுக்கு மரபணு ஆலோசனையும் பிஆர்சிஏ சோதனையும் பெரும்பாலான திட்டங்களில் கைக்காசில்லாமல் கிடைக்கும். மகள் 26 வயதுவரை உங்கள் திட்டத்திலேயே இருக்கலாம்.

கல்யாணம் பற்றி அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: ரிப்போர்ட்டை யாருக்குக் காட்டுவது, எப்போது சொல்வது என்பது உங்கள் பேத்தியின் விருப்பம். அது ஜாதகக் கட்டோடு சேர்த்து அனுப்பும் காகிதம் கிடையாது.

கணவரின் மௌனம்

அவர் எழுந்து போவதைப் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் ஒருபக்கம். இன்னொரு பக்கம், ஜார்ஜியாவின் பக்கத்து மாநிலமான அலபாமாவில் 1932 முதல் 1972 வரை நடந்தது அவருடைய பெற்றோர் தலைமுறைக்குச் செவிவழிக் கதை அல்ல. சிஃபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்கள் சுமார் 400 பேரைச் சிகிச்சை தருவதாகச் சொல்லி, மருந்து வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசாங்க மருத்துவர்கள் டஸ்கீகியில் வேடிக்கை பார்த்தார்கள். 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய்ச் செல்களை அவர் அனுமதியில்லாமல் எடுத்து உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்த்தார்கள். அப்படியொரு சமூகத்தில் வளர்ந்தவரிடம், 'உன் மரபணுவைக் கொடு' என்றால் சட்டென்று கை நீளாது. 'உன் ரத்தத்தில்தான் கோளாறு' என்ற தொனியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் அம்மா போனில் பேசுவது அவருக்குப் புரியாது என்று நினைக்கிறீர்களா? திருமணமாகி இத்தனை வருடத்தில் அந்த அளவு தமிழ் வந்திருக்கும்.

மரபணு ஆலோசகரிடம் அவரையே கேள்வி கேட்க விடுங்கள்: மாதிரி எங்கே போகிறது, யார் வைத்திருப்பார்கள், ஆய்வுக்குப் பயன்படுத்த மறுக்கலாமா, சோதனை முடிந்ததும் அழிக்கச் சொல்லலாமா. இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் சொல்லாத இடத்தில் ரத்தம் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை, வேறு இடம் பாருங்கள். கறுப்பின ஆலோசகர் கிடைத்தால் சிலருக்குப் பேச எளிதாக இருக்கும், அதையும் கேட்டுப் பெறலாம்.

மகளிடம் இப்போது சொல்ல வேண்டியது

கொஞ்சம்தான். தன் மார்பகம் வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருக்கட்டும். புதிதாக ஒரு கட்டி வந்து அடுத்த மாதவிடாய்க்குப் பிறகும் போகாமல் இருந்தால், அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த வயதில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை சாதாரண நார்க்கட்டிகள். ஆனாலும் ட்ரிப்பிள் நெகட்டிவ் கட்டி சில சமயம் வழவழவென்று உருண்டையாக, அந்தச் சாதாரணக் கட்டி மாதிரியே ஸ்கேனில் தெரியும். 'சின்ன வயசு, ஒன்றும் இருக்காது' என்று யாராவது திருப்பி அனுப்பினால், அத்தைக்கு வந்ததைச் சொல்லி பயாப்ஸி தேவையா என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் குழந்தை பெற்றால் தாய்ப்பால் கொடுப்பதும் இந்த வகைக்கு எதிராகக் கொஞ்சம் கைகொடுக்கும். ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில், பல குழந்தை பெற்றும் பால் கொடுக்காதவர்களுக்கு ஹார்மோன் ஏற்பி இல்லாத வகைப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. இதைச் சொல்ல இன்னும் நிறைய வருடம் இருக்கிறது, இப்போது வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி. கணவர், நாத்தனார், மாமியார், மகள், அம்மா என்று எல்லோரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு 47 வயது. 40 முதல் 74 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்பது அங்கே இப்போதைய பரிந்துரை. நீங்கள் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. மரபணு ஆலோசகருக்கு நேரம் வாங்கும் அதே நாளில் அதற்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.